நாள் தெரியாத தகப்பனார்



தீபாவளிக்கு முதல் நாள் காலையில் நம் கெடா மாநிலத்துத் தோட்ட இடுகாடுகளுக்குப் போய்ப் பாருங்கள். ஆண்கள் லாலாங் புல்லை வெட்டிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகள் வாளியில் தண்ணீர் சுமந்து வந்து கல்லறையைக் கழுவுவார்கள். அப்பாவுக்குப் பிடித்த பலகாரம், வெற்றிலை பாக்கு, சில வீடுகளில் ஒரு சுருட்டு, எல்லாம் வாழையிலையில் வரும். சுங்கைப்பட்டாணி, பாக்கார் ஆராங் பக்கம் பால்மரக் காடுகள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிய பிறகும், வேறு ஊருக்குக் குடிபோன பலர் இந்த ஒரு நாளுக்காகத் திரும்பி வருகிறார்கள். மலாய்க்காரர்கள் நோன்புப் பெருநாளிலும், சீனர்கள் ஏப்ரல் தொடக்கத்தில் வரும் செங் பெங் நாளிலும், கத்தோலிக்கர்கள் நவம்பர் 2ஆம் தேதியிலும் இதைத்தான் செய்கிறார்கள்.

வீட்டில் கொடுக்கும் திவசம் வேறு கணக்கு. அது தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, எந்தத் திதி என்ற மூன்றையும் கொண்டு பார்ப்பது. பன்னிரண்டு சந்திர மாதங்கள் சேர்ந்தால் 354 நாள்தான். அதனால்தான் அப்பா இறந்த ஆங்கிலத் தேதியும் திவச நாளும் ஆண்டுதோறும் தள்ளித் தள்ளி வருகின்றன. மரணச் சான்றிதழில் தேதி இருந்தால் போதும். அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திதியைக் கண்டுபிடித்துவிடலாம்.

தேதியே இல்லாவிட்டால்?

இது வெறுங் கேள்வியல்ல. தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றில் தாத்தாவோ பூட்டனாரோ ஒருவர் ‘சயாமுக்குப் போனவர்’ இருப்பார். சப்பான்காரன் காலத்தில், 1942ஆம் ஆண்டுக்கும் 1943ஆம் ஆண்டுக்கும் இடையே, சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட்டார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 75,000 பேருக்கு மேல் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். முதலில் நல்ல சம்பளம், சில மாத வேலை என்று சொல்லி ஆள் சேர்த்தார்கள். பிறகு இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டிப் பிடித்துச் சரக்கு வண்டியில் ஏற்றினார்கள். 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் காலரா பரவியபோது, கொட்டகை கொட்டகையாகச் செத்தார்கள். மலேரியா, வயிற்றுக்கடுப்பு, ஆறாத புண் ஆகியவை மற்றவர்களைக் கொண்டுபோயின. உடல்களைக் குவித்து எரித்தார்கள், குழியில் தள்ளினார்கள். யார் எந்த நாளில் போனார் என்று வீட்டுக்கு எழுதியனுப்ப ஒருவரும் இல்லை.

அங்கே இறந்த வெள்ளைக்காரப் போர்க் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. பெயர் தெரிந்தவர்களுக்கெல்லாம் பெயர் பொறித்த பலகை உண்டு. நம்மவர்களுக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. தோட்டத்தில் இருந்த மனைவிமார், தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

இப்படிப்பட்டவர்களுக்கு நம் வழக்கத்தில் ஓர் இடம் உண்டு. புரட்டாசியில் வரும் மகாளய அமாவாசை எல்லா முன்னோர்க்கும் பொது நாள். திதி தெரியாதவர்களுக்கும், எங்கோ மறைந்தவர்களுக்கும் அன்று எள்ளும் தண்ணீரும் விடலாம். ஆடி, தை அமாவாசைகளிலும் பலர் செய்கிறார்கள். உடல் கிடைக்கவில்லை, நாள் தெரியவில்லை என்று நம் வீட்டுப் படத்துக்கு முன்னால் விளக்கேற்றாமல் விட வேண்டியதில்லை.

கல்லுக்கும் பழைய வழக்கம் இருக்கிறது. போரில் விழுந்தவனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியம், கல்லைத் தேடிக் காண்பது முதல் வாழ்த்துவது வரை, ஆறு படியாகச் சொல்கிறது. அதே ‘நடுகல்’ என்ற பெயரில், சயாமில் மாண்ட தமிழர்களுக்காகக் காஞ்சனபுரியில் 2023ஆம் ஆண்டில் ஒரு கல் நாட்டப்பட்டது. அது தாவோர்ன் வராராம் என்ற புத்த கோயிலில் இருக்கிறது. போர்க் கைதிகளின் இடுகாடு அதற்குப் பக்கத்திலேயே. எண்பது ஆண்டு தாமதந்தான். ஆனாலும் ஒரு கைப்பிடிப் பூவை வைக்க இப்போது ஓர் இடம் இருக்கிறது.

எங்கள் பள்ளியில் பிள்ளைகளிடம் தாத்தாவின் அப்பா பெயரைக் கேட்டால், பத்துப் பேரில் இரண்டு மூன்று பேருக்குத்தான் தெரிகிறது. வீட்டில் வயதானவர்கள் இருக்கும்போதே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்: பெயர், தகப்பன் பெயர், இந்தியாவில் எந்த ஊர், எந்தத் தோட்டத்தில் பால் வெட்டினார், எங்கே அடக்கம். தோட்ட நிலம் கைமாறும்போது இடுகாட்டையும் பெயர்த்து மாற்றுவது உண்டு. அப்போது எந்தக் குழி யாருடையது என்று சொல்ல இந்த நோட்டும், கல்லறையின் ஒரு படமும் உதவும்.

பளிங்குக்கல் போட வசதியில்லையே என்று சிலர் வருந்துகிறார்கள். எங்களுக்கு அது பெரிதாகப் படவில்லை. சிமெண்டு ஈரமாக இருக்கும்போது ஆணியால் கீறிய பெயர் பல்லாண்டு நிற்கிறது. சாயத்தால் எழுதியது நம் மழையில் சீக்கிரம் கரைந்துவிடும்.

காஞ்சனபுரிக்குப் போக விரும்புகிறவர்கள் சுங்கைப்பட்டாணியில் இரயில் ஏறிப் பாடாங் பெசார் வரை போகலாம். அங்கிருந்து தாய்லாந்து இரயிலில் பாங்காக். பாங்காக்கில் தோன்புரி நிலையத்திலிருந்து காஞ்சனபுரிக்கு வண்டி உண்டு. அந்த வண்டி காஞ்சனபுரியைத் தாண்டிப் பழைய பாதையிலேயே நாம் தோக் வரை ஓடுகிறது.