ஒரு வாரத்துக்கு ஒரு வீடு

ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பம் ஜூன் விடுமுறையில் ஸ்பெயின் நாட்டின் பார்சலோனா நகருக்குச் செல்ல முடிவெடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாத்தா, பாட்டி, பெற்றோர், பிள்ளைகள் இருவர். தங்கும் விடுதி என்றால் மூன்று அறைகளாவது எடுக்க வேண்டும். பாட்டி சைவம்; ஏழு நாளும் வெளியில் சாப்பிடுவது அவருக்கு ஒத்துவராது. தாத்தாவுக்கோ விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் காப்பி வேண்டும். ஆகவே, சமையலறையும் துணி துவைக்கும் இயந்திரமும் உள்ள ஒரு வீட்டையே ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்தால் என்ன என்ற எண்ணம் அவர்களுக்குத் தோன்றுவது இயல்பே.

கைத்தொலைபேசியில் தேடினால் அழகிய படங்கள் வரிசையாக வந்து நிற்கும். வெயில் விழும் மாடம், சுருக்கம் இல்லாத வெள்ளைப் படுக்கை விரிப்பு, மேசைமேல் ஒரு பழத்தட்டு. பலரும் முதலில் படத்தைப் பார்ப்பார்கள். அடுத்து விலையைப் பார்ப்பார்கள். பிறகு, முன்பு தங்கியவர்கள் எத்தனை நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். பார்சலோனாவில் வீடு தேடுவோர் முதலில் பார்க்க வேண்டியது இம்மூன்றில் எதுவும் அன்று. விளம்பரத்தின் ஓரத்தில் சிறிய எழுத்துகளில் இருக்கும் ஓர் எண்ணையே அவர்கள் முதலில் தேட வேண்டும்.

அந்த எண் எச், யு, டி, பி ஆகிய நான்கு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். அவற்றைத் தொடர்ந்து ஆறு இலக்கங்கள் வரும். முதல் மூன்று எழுத்துகளும், ‘சுற்றுலாப் பயன்பாட்டு வீடு’ எனப் பொருள்படும் கத்தலான் மொழிச் சொற்களின் முதலெழுத்துகள். நான்காவது எழுத்து பார்சலோனாவைக் குறிக்கும். ஒரு வீட்டை 31 நாளோ அதற்குக் குறைவாகவோ பயணிகளுக்கு வாடகைக்கு விடுபவர் இந்த உரிமத்தைப் பெற்றிருக்க வேண்டும். அந்த எண்ணையோ வீட்டு முகவரியையோ மாநகர மன்றத்தின் இணையத்தளத்தில் உள்ளிட்டால், உரிமம் உண்மையானதா என்பது தெரிந்துவிடும். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனாலும், பழத்தட்டைப் பெரிதாக்கிப் பார்க்கும் பலர் இதைச் செய்வதில்லை.

எண் இல்லாத வீட்டில் தங்கினால் என்ன ஆகிவிடும்? மாநகர மன்றத்தின் ஆய்வாளர்கள் உரிமமற்ற வீடுகளைத் தேடிக் கண்டுபிடித்து மூட உத்தரவிடுகிறார்கள். 2016ஆம் ஆண்டு தொடங்கி 2024ஆம் ஆண்டின் நடுப்பகுதிவரை இத்தகைய 9,700 வீடுகளை மூட ஆணையிட்டதாக மன்றம் அறிவித்தது. 2016இல், உரிமமற்ற வீடுகளை விளம்பரம் செய்த இரண்டு பெரிய வாடகை இணையத்தளங்களுக்குத் தலா 600,000 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. ஒரு வீடு மூடப்பட்டால், அதில் தங்க முன்பதிவு செய்திருக்கும் குடும்பத்தின் நிலை என்ன? பயணத்திற்கு இரண்டு நாள் முன்னதாக, ‘மன்னிக்கவும், வீடு கிடைக்காது’ என்னும் குறுஞ்செய்தி வரக்கூடும். கோடைக்காலத்தில் அந்நகரில் ஆறு பேருக்கு உடனடியாக வேறு இடம் பிடிப்பது எளிதன்று.

இவ்வளவு கடுமையான கட்டுப்பாடு எதற்கு என்று கேட்கலாம். அதற்கு விடை காண அந்நகரின் அமைப்பைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மத்தியதரைக் கடல், மறுபக்கம் மலைத்தொடர், இருபுறமும் ஆறுகள். நடுவே, ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர் நிலத்தில் 16 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வசிக்கின்றனர். நகரம் விரிவடைய இடமே இல்லை. 1992இல் ஒலிம்பிக் போட்டிகள் அங்கு நடைபெற்ற பிறகு அந்நகரின் புகழ் உலகெங்கும் பரவியது, பயணிகள் பெருகினர். ஒரு வீட்டை ஓராண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விடுவதைவிட, வாரம் ஒரு பயணிக்கு விட்டால் உரிமையாளருக்கு அதிக வருமானம் கிடைக்கும். அப்படி மாறும் ஒவ்வொரு வீடும் உள்ளூர்வாசிகளுக்குக் கிடைக்காமல் போகும் வீடாகும்.

கடலோரத்தில் இருக்கும் பார்சலோனெட்டா வட்டாரம் இதற்கு நல்ல சான்று. 18ஆம் நூற்றாண்டில் உருவான இந்த வட்டாரத்தில் மீனவர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் வாழ்ந்தனர். மக்கள்தொகை பெருகப் பெருக, வீடுகள் முதலில் இரண்டாகவும் பிறகு நான்காகவும் பிரிக்கப்பட்டன. ‘கால் வீடு’ என்று அழைக்கப்படும் அத்தகைய வீட்டின் பரப்பளவு ஏறத்தாழ 35 சதுர மீட்டர்தான். தெருக்கள் குறுகலானவை, சுவர்கள் மெல்லியவை. ஒரு வீட்டில் யாராவது இருமினால் அடுத்த வீட்டாருக்குத் தெரியும். இப்படிப்பட்ட கட்டடத்தில் ஒரு வீடு மட்டும் பயணிகளுக்கு விடப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். வாரந்தோறும் புதுமுகங்கள், நள்ளிரவில் படிக்கட்டில் பெட்டிகளை இழுக்கும் ஓசை, விடுமுறையைக் கொண்டாடும் சிரிப்பொலி. அவர்களுக்கு அது விடுமுறை. பக்கத்து வீட்டுத் தொழிலாளிக்கோ மறுநாள் காலையில் வேலை. 2014 ஆகஸ்டு மாதத்தில் பார்சலோனெட்டா மக்கள் பொறுமையிழந்து, சுற்றுலா வீடுகளுக்கு எதிராகத் தெருவில் இறங்கிப் போராடினர்.

சிங்கப்பூரில் வாழ்வோருக்கு இத்தகைய கட்டுப்பாடு புதியதன்று. இங்குத் தனியார் வீடுகளைக் குறைந்தது மூன்று மாதங்களுக்கும் வீவக வீடுகளைக் குறைந்தது ஆறு மாதங்களுக்கும்தான் வாடகைக்கு விடலாம். வாரக் கணக்கில் பயணிகளுக்கு வீடு விடுவது சட்டப்படி குற்றம். குடியிருப்பாளர்களின் அமைதியும் பாதுகாப்பும் கெடக்கூடாது என்பதே அதன் நோக்கம்.

உரிம எண் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மற்றவற்றைப் பார்க்க வேண்டும். அவற்றுள் முதலாவது மாடி. சிங்கப்பூரில் தரைத்தளத்தையே முதல் தளம் என்று எண்ணுகிறோம். ஆகவே, மூன்றாம் தளத்திற்குச் செல்ல இரண்டு மாடி ஏறினால் போதும். பார்சலோனாவின் பழைய கட்டடங்களில் கணக்கு வேறு. தெருவோடு ஒட்டிய தளத்துக்கு ஒரு பெயர். அதற்குமேல் உள்ள இடைத்தளத்துக்கு ஒரு பெயர். அதற்கும்மேல் ‘பிரின்சிபால்’ எனப்படும் முதன்மைத் தளம். மின்தூக்கி இல்லாத அக்காலத்தில், கட்டடத்தின் உரிமையாளர் அதிகம் ஏறாமல் வசதியாக வாழ்ந்த தளம் அது. இவற்றையெல்லாம் தாண்டிய பிறகே ‘முதல் மாடி’ என்ற எண்ணிக்கை தொடங்குகிறது. எனவே, இவை அனைத்தும் உள்ள ஒரு கட்டடத்தில், விளம்பரத்தில் ‘மூன்றாம் மாடி’ என்று இருந்தால் தெருவிலிருந்து ஐந்து மாடி ஏற வேண்டும். மின்தூக்கி உண்டா என்று கேட்காமல் பணம் கட்டிவிட்டால், முழங்கால் வலியுள்ள தாத்தா அந்த ஒரு வாரமும் வீட்டைவிட்டு இறங்கமாட்டார்.

அடுத்தது, வீடு எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்பது. நகரின் நடுவிலுள்ள எய்ஷாம்ப்ளா வட்டாரத்தை வரைபடத்தில் பார்த்தால் சதுரங்கப் பலகை போலத் தெரியும். இல்தபோன்ஸ் செர்தா என்னும் பொறியாளர் 1859இல் வகுத்த திட்டம் அது. ஒவ்வொரு சதுரத்தின் பக்கமும் ஏறத்தாழ 113 மீட்டர், மூலைகள் வெட்டிவிடப்பட்டிருக்கும். இந்தக் கட்டடங்களில் சில அறைகளின் சன்னல்கள் தெருவைப் பார்க்கும். சில, கட்டடத்தின் நடுவே வெளிச்சத்துக்காக விடப்பட்டிருக்கும் குறுகிய இடைவெளியைப் பார்க்கும். ‘உட்புற அறை’ என்று விளம்பரத்தில் ஒரு சொல் இருந்தால் அது இரண்டாவது வகை. அங்கு இருட்டாக இருக்கும். ஆனால், தெரு இரைச்சல் இராது. பழைய நகரத்தின் ஒடுங்கிய சந்துகளில், உணவகங்களுக்கு மேலே உள்ள வீடுகளில் நிலைமை நேர்மாறு. குறையில்லாத வீடு கிடைப்பது அரிது. எந்தக் குறையைத் தாங்க முடியும் என்பதைக் குடும்பமே கூடிப் பேசி முடிவு செய்யலாம். கோடையில் சென்றால் குளிர்சாதன வசதி உண்டா என்பதையும் கேட்டறிய வேண்டும். பழைய வீடுகள் எல்லாவற்றிலும் அது இருப்பதில்லை. பார்சலோனாவின் ஆகஸ்டு மாதப் புழுக்கம் நம்மூர்ப் புழுக்கத்துக்குச் சளைத்ததன்று.

விலையில் பெரும்பாலும் ஒளிந்திருப்பவை மூன்று: துப்புரவுக் கட்டணம், இணையத்தளத்தின் சேவைக் கட்டணம், சுற்றுலா வரி. ஓர் இரவுக்கான வாடகையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் ஏமாற நேரிடும். கடைசிப் பக்கத்தில் வரும் மொத்தத் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும். சுற்றுலா வரியைச் சிலர் வீட்டுச் சாவியைக் கொடுக்கும்போது தனியாகக் கேட்பார்கள். அது மோசடி அன்று. ஒவ்வோர் ஆளுக்கும் இரவுக்கு இவ்வளவு என்று வசூலிக்கப்படும் அந்த வரி, ஏழு இரவுகளுக்கு மேல் இல்லை. 16 வயதும் அதற்குக் குறைந்த வயதும் உடையோர் அதைச் செலுத்த வேண்டியதில்லை. கடப்பிதழ் விவரங்களைக் கேட்டாலும் அஞ்ச வேண்டாம். தங்குவோரின் விவரங்களைக் காவல்துறையிடம் பதிவு செய்வது வீடு விடுபவரின் கடமை.

உண்மையான மோசடி வேறு விதமாக வரும். ‘இணையத்தளத்தின் வழியாகக் கட்டினால் கட்டணம் அதிகம்; என் வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பினால் பத்து விழுக்காடு கழிவு தருகிறேன்’ என்று ஒருவர் எழுதுவார். அப்படி அனுப்பிய பணத்தைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். சில சமயம், அந்த வீடே அவருடையதாக இராது. வேறொரு விளம்பரத்திலிருந்து எடுத்த படங்களாக இருக்கும். ஒரு படத்தை எடுத்து இணையத்தில் தேடிப் பார்த்தால், அது வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்பது புலப்படும். வீட்டில் இந்த வேலையைச் செய்யத் தகுந்தவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள்தாம்.

பார்சலோனாவின் நிலைமை அண்மையில் இன்னும் தீவிரமடைந்துள்ளது. பத்தாண்டுகளில் வீட்டு வாடகை 68 விழுக்காடு ஏறிவிட்டதைச் சுட்டிக்காட்டிய மேயர் ஜவுமே கொல்போனி, 2024 ஜூன் மாதத்தில் ஓர் அறிவிப்பைச் செய்தார். நகரில் உரிமம் பெற்றிருக்கும் 10,101 சுற்றுலா வீடுகளின் உரிமங்களும் புதுப்பிக்கப்படமாட்டா. 2028 நவம்பருக்குள் அவை அனைத்தும் மீண்டும் மக்கள் வாழும் வீடுகளாக வேண்டும் என்பதே அது. அடுத்த மாதமே ஆயிரக்கணக்கானோர் பேரணியாகச் சென்றனர். உணவகங்களின் வெளியே அமர்ந்திருந்த பயணிகள்மீது சிலர் விளையாட்டுத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சிய காட்சியை உலகச் செய்திகள் காட்டின. விருந்தினர்மீது தண்ணீர் அடிப்பது முறையா என்ற கேள்வி எழத்தான் செய்தது. பிறந்த தெருவிலேயே வாடகை கொடுக்க முடியாமல் வெளியேறுபவரின் கோபத்தையும் அந்தக் காட்சியிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

வீட்டு உரிமையாளர்களுக்கும் ஒரு வாதம் உண்டு. மொத்த வீடுகளில் சுற்றுலா வீடுகள் சிறு பங்கே. அவற்றை மூடுவதால் வாடகை குறைந்துவிடாது. மாறாக, உரிமமில்லாமல் மறைவாக விடப்படும் வீடுகள் பெருகும் என்பது அவர்கள் கூற்று. போதிய புதிய வீடுகள் கட்டப்படாததே உண்மையான காரணம் என்றும் அவர்கள் சொல்கின்றனர். இந்தக் கூற்றை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஆயினும், உரிமங்களை நிறுத்த வழிவகுக்கும் கத்தலோனியச் சட்டத்துக்கு எதிரான வழக்கை ஸ்பெயினின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2025 மார்ச்சில் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டு மே மாதம், உரிம எண் இல்லாதவை, தவறான எண் உள்ளவை உள்ளிட்ட 65,000க்கும் மேற்பட்ட விளம்பரங்களை நீக்கும்படி ஒரு பெரிய வாடகை இணையத்தளத்துக்கு ஸ்பெயின் அரசு உத்தரவிட்டது.

நம் ஆறு பேர் குடும்பத்துக்கு வருவோம். உரிமம் உள்ள, மின்தூக்கி உள்ள, உட்புற அறைகள் கொண்ட ஒரு வீடு அவர்களுக்குக் கிடைக்கிறது. கட்டடத்தின் மற்ற வீடுகளில் உள்ளூர்க் குடும்பங்கள் வசிக்கின்றன. தாத்தா ஐந்து மணிக்கு எழுந்து காப்பி போடுவார். நாற்காலியைத் தரையில் இழுக்காமல் தூக்கிவைக்கும்படி பாட்டி அவரிடம் சொல்வார். கீழ்வீட்டில் தூங்குபவர் யார் என்பது அவர்களுக்குத் தெரியாது. படிக்கட்டில் எதிர்ப்படுபவரிடம் ‘போன் டியா’ என்று கத்தலானில் காலை வணக்கம் சொல்லப் பிள்ளைகள் பழகிக்கொள்வார்கள். மேயரின் அறிவிப்பு அப்படியே நடைமுறைக்கு வந்தால், 2028 டிசம்பர் விடுமுறையில் அதே வீட்டைத் தேடும்போது அது விளம்பரத்தில் இராது. அந்தச் சமையலறையில் அப்போது பார்சலோனாக் குடும்பம் ஒன்று காலையுணவு உண்டுகொண்டிருக்கும்.