மாடியில் வெயில் கொளுத்துகிறது; மின்விசிறி ஓடவில்லை!

திருவண்ணாமலையில் உச்சி வெயில். செங்கம் சாலையில் ரமணாசிரமம். அதைச் சுற்றி ரமண நகர். மாடி வீடுகள், தங்கும் விடுதிகள், சாப்பாட்டுக் கடைகள். மலைப் பாறை வெயிலை வாங்கித் தெருவில் கொட்டுகிறது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய் விடுகிறது!

மாடியில் சோலார் தகடு வைத்த வீடு. மானியம் போக மீதிப் பணத்தைப் புரட்டி வைத்தது. தலைக்கு மேல் சூரியன் இருக்கிறான். ஆனாலும் மின்விசிறி நின்று விட்டது. மிக்சியில் சட்னி பாதியில் நிற்கிறது.

"இவ்வளவு வெயில் அடிக்கிறதே! நம்ம கரண்ட் எங்கே போச்சு?" என்று அந்த வீட்டு அம்மா கேட்கிறார்.

தகடு வைத்த எந்த ஊரிலும் எழும் கேள்வி இது. நியாயமான கேள்வி. இதற்குப் பதில் மாடியில் இல்லை, தெருவில் இருக்கிறது.

தவில் நின்றால் நாயனமும் நிற்கும்

சோலார் தகட்டின் மேல் வெயில் பட்டால் மின்சாரம் பிறக்கிறது. அது பாட்டரியில் வருவது போல ஒரே திசையில் ஓடும் மின்சாரம். நம் வீட்டுக்கு வருவதோ விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் அலையும் மின்சாரம். முதல் வகையை இரண்டாவது வகையாக மாற்ற ஒரு பெட்டி உண்டு. அதற்கும் இன்வெர்ட்டர் என்றுதான் பெயர். கரண்ட் போனால் கை கொடுக்க, பாட்டரியோடு வீட்டில் வைக்கிறோமே, அந்த இன்வெர்ட்டர் வேறு. இது வேறு.

இந்தப் பெட்டி தானாகத் தாளம் போடாது. தெருக் கம்பியில் வரும் 50 அலைத் தாளத்தைக் கேட்டு, அதற்கு ஒத்து வாசிக்கும். தவிலைக் கேட்டு நாயனம் வாசிப்பது போல. தவில் நின்றால் நாயனமும் நின்று விடும்.

வேண்டுமென்றேதான் இப்படிச் செய்திருக்கிறார்கள். கரண்ட் போனதும் லைன்மேன் கம்பத்தில் ஏறுகிறார். கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பிக் கை வைக்கிறார். அப்போது உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் கம்பிக்குப் போனால் என்ன ஆகும்? அவர் உயிர் போகும். ஆகவே, தெருவில் மின்சாரம் நின்ற ஓரிரு விநாடிக்குள் பெட்டி தன்னைத் தானே நிறுத்திக் கொள்ள வேண்டும் என்பது சட்டம்.

சட்னி பாதியில் நிற்பது ஒரு மனிதர் பிழைப்பதற்காக!

கரண்ட் போனாலும் வீட்டில் ஓட வேண்டும் என்றால் பாட்டரியோடு சேர்ந்த வேறு வகைப் பெட்டி வாங்க வேண்டும். அது வீட்டைத் தெருவிலிருந்து பிரித்து விட்டுத் தனியாகத் தாளம் போடும். விலை கூடுதல். இந்த விவரத்தைத் தகடு விற்க வருகிறவர்கள் முதலிலேயே சொல்லி விட்டால் எத்தனையோ மனக்கசப்பு குறையும்.

ஒரு குரங்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

ரமண நகரில் குரங்குகளுக்குப் பஞ்சமில்லை. ரமண மகரிஷி அவற்றோடு பிரியமாகப் பழகியது பிரசித்தம். கடல் கடந்த இலங்கையிலோ ஒரு குரங்கு நாட்டையே நிறுத்தி விட்டது!

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் 11 மணி தாண்டியிருந்தது. கொழும்புக்குத் தெற்கே பாணந்துறை துணை மின் நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்தது. டிரான்ஸ்பார்மரைத் தொட்டு விட்டது. அடுத்த சில விநாடிகளில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. சுமார் 2 கோடியே 20 லட்சம் மக்கள் வாழும் தீவு! நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்று போயின. மின்சாரம் பல மணி நேரம் கழித்துத் திரும்பியது. ஆனால் நுரைச்சோலை இயந்திரங்கள் உடனே ஓடவில்லை. ஆகவே மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் ஒன்றரை மணி நேரம் முறை வைத்து மின்வெட்டு செய்தார்கள்.

"குரங்குதான் காரணம்" என்றார் மின்சக்தி அமைச்சர் குமார ஜயகொடி. ஊரெல்லாம் கேலி பேசியது. ஒரு குரங்கு தொட்டால் ஒரு நாடு விழுமா?

விழாது. சாதாரண நாளாக இருந்தால் விழுந்திருக்காது. அன்று ஞாயிறு. தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடியிருந்தன. தேவை குறைவு. வெயிலோ நன்றாக அடித்தது. வீட்டுக் கூரைகளிலிருந்து சூரிய மின்சாரம் ஏராளமாக வந்து கொண்டிருந்தது. அதனால் மின் அமைப்பு உறுதி குன்றியிருந்தது என்று இலங்கை மின்சார சபை விளக்கியது.

மின்சாரம் அதிகமாக இருந்தால் பலம்தானே? எப்படிப் பலவீனம் ஆகும்? இதைப் புரிந்து கொள்ளத் திருவண்ணாமலைத் தேரைப் பார்த்தால் போதும்.

தேர் நிற்காது, தகடு நின்று விடும்

கார்த்திகைத் திருவிழாவின் 7-ம் நாள் தேரோட்டம். பெரிய தேரை அசைப்பது பெரும்பாடு. அசைந்து விட்டாலோ நிறுத்துவது அதைவிடப் பெரும்பாடு. நாலு பேர் கையை விட்டு விட்டாலும் தேர் கொஞ்ச தூரம் போகும். முட்டுக்கட்டை போட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

நிலக்கரி, நீர் மின் நிலையங்களில் சுற்றும் இயந்திரங்கள் இந்தத் தேர் போன்றவை. பல டன் எடையுள்ள இரும்பு சுற்றுகிறது. எங்கோ ஒரு கோளாறு நேர்ந்தால் அது உடனே நின்று விடாது. சுற்றுகிற வேகமே சில விநாடிகள் தாக்குப் பிடிக்கும். அந்தச் சில விநாடிக்குள் மற்ற நிலையங்கள் சமாளித்துக் கொள்ளும்.

சோலார் தகட்டில் சுற்றுவது எதுவும் இல்லை. தெருவில் தாளம் தவறியதும் அதன் பெட்டி நின்று விடுகிறது. இலட்சம் கூரைகளில் இலட்சம் பெட்டிகள் ஒரே நேரத்தில் நின்றால்? தேர் இழுக்கும்போது எல்லோரும் ஒரே சமயம் வடத்தை விட்டது போலத்தான்.

இதற்காகச் சூரியன் மேல் பழி போடுவது சரியில்லை. கூரைக்குக் கூரை தகடு வைக்கச் சொல்லி விட்டு, அதைத் தாங்கும்படி கம்பியையும் நிலையத்தையும் தயார் செய்யாமல் விட்டதுதான் பிழை. 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறை வந்தபோது, கூரை மின்சாரத்தைப் பகலில் நிறுத்தி வையுங்கள் என்று இலங்கை மின்சார சபை பொதுமக்களையே கேட்டுக் கொண்டது. பணம் போட்டுத் தகடு வைத்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

தெற்கு ஆஸ்திரேலியாவில் வேறு வழி செய்தார்கள். 2020 செப்டம்பர் முதல் புதிதாக வைக்கும் தகடுகளைத் தூரத்தில் இருந்தே நிறுத்தும் வசதி இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். அதை முதன்முதலில் பயன்படுத்திய நாள் 2021 மார்ச் 14. அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை!

மத்தியானம் மிச்சம், மாலையில் பஞ்சம்

நாட்டுக்கு வந்த தொல்லை சிறிய அளவில் ஒரு தெருவுக்கும் வரும். ஒரு டிரான்ஸ்பார்மரின் கீழ் பல வீடுகள். மத்தியானம் எல்லா மாடியும் மின்சாரத்தைத் தெருவுக்குத் தள்ளினால் கம்பியில் வோல்டேஜ் ஏறும். கடைசிக் கம்பத்து வீட்டில்தான் அதிகம் ஏறும். அளவு மீறினால் அந்த வீட்டுப் பெட்டி தானாக நின்று விடும். நல்ல வெயிலில் அந்த வீட்டுக்கு மட்டும் நஷ்டம். டிரான்ஸ்பார்மரைப் பெரிதாக்கலாம், கம்பியைக் கனமாக்கலாம். புதுவகைப் பெட்டிகள் வோல்டேஜ் ஏறாமல் தாமே ஓரளவு பார்த்துக் கொள்கின்றன.

மாலையில் கதை தலைகீழ். கார்த்திகைத் தீபம் மலை உச்சியில் ஏற்றப்படுவது மாலை 6 மணிக்கு. 2,668 அடி உயரத்தில் தீபம் எரியும்போது கீழே ஊர் முழுவதும் விளக்கு வேண்டும். இலட்சக்கணக்கான ஜனங்கள் கூடியிருக்கும் நேரம். சோலார் தகடு அப்போது வெறும் கண்ணாடி! பௌர்ணமி தோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடப்பதும் பெரும்பாலும் இரவில்தான். நிலா வெளிச்சத்தில் தகடு மின்சாரம் தராது.

அப்படியானால் மத்தியான மின்சாரத்தை மாலைக்கு எடுத்து வைக்க வேண்டும். குஜராத்தில் சூரியனார் கோயில் உள்ள மொதேரா என்ற ஊரில் அதைத்தான் செய்தார்கள். அங்கே 1,300-க்கு மேற்பட்ட வீடுகளின் கூரையில் ஆளுக்கு 1 கிலோவாட் தகடு. பக்கத்தில் 6,000 கிலோவாட் சோலார் நிலையம். அதோடு 15,000 யூனிட் பிடிக்கும் பாட்டரி. 2022 அக்டோபர் 9-ல் இரவும் பகலும் சூரிய மின்சாரத்தில் இயங்கும் முதல் கிராமம் என்று அதைப் பிரதமர் மோடி அறிவித்தார். செலவு சுமார் 80 கோடி ரூபாய். அரசாங்கம் கொடுத்தது. எல்லா ஊருக்கும் இப்படிக் கொடுக்க முடியுமா என்பது வேறு விஷயம்.

"அசல் கரண்ட் வேண்டும்!"

கம்பியே போகாத ஊர்களின் நிலை என்ன?

பீகாரில் ஜெகனாபாத் மாவட்டத்தில் தர்ணை என்று ஒரு கிராமம். சுமார் 30 ஆண்டுகள் மின்சாரம் இல்லாமல் கிடந்தது. 2014-ல் கிரீன்பீஸ் அமைப்பு அங்கே 100 கிலோவாட் சோலார் நிலையம் அமைத்தது. சுமார் 2,400 பேருக்கு வெளிச்சம் வந்தது. ஊர் முழுவதும் கொண்டாட்டம்.

முதல் அமைச்சராக இருந்தவர் திறந்து வைக்க வந்தார். கூட்டத்தில் சிலர் கோஷம் போட்டார்கள். "எங்களுக்கு அசல் கரண்ட் வேண்டும்!"

பொல்லாத வார்த்தைதான். ஆனால் காரணம் இருந்தது. சோலார் கரண்டில் விளக்கும் விசிறியும் ஓடலாம். பிரிட்ஜ் வைக்கக் கூடாது. விலையும் அரசு மின்சாரத்தைவிட அதிகம். சீக்கிரமே அரசு மின்சாரம் ஊருக்குள் வந்து விட்டது. ஜனங்கள் ஒவ்வொருவராக மாறிக் கொண்டார்கள். பாட்டரிகள் ஓய்ந்தன. சில ஆண்டுகளில் அந்த நிலையத்தில் மாடுகளைக் கட்டினார்கள்!

அரசுக் கம்பி வந்த அன்றே சோலார் நிலையத்தை அதோடு இணைத்திருந்தால், பகலில் தர்ணை மின்சாரத்தை விற்றிருக்கும், இரவில் வாங்கியிருக்கும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, ஒன்று சேரவில்லை.

கம்பி வர முடியாத தமிழ் ஊர்களும் உண்டு. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு. டீசல் ஜெனரேட்டர்களை நம்பி வாழ்ந்த தீவுகள். டீசலும் படகில் வர வேண்டும். இந்த மூன்று தீவுகளுக்கும் இந்திய அரசின் 1 கோடியே 10 லட்சம் டாலர் உதவியில் மின் நிலையங்கள் அமைக்க 2024 மார்ச்சில் ஒப்பந்தம் ஆயிற்று. திட்டத்தின் கணக்கைப் பார்த்தால் தர்ணையில் விட்டது எது என்று தெரியும். சூரிய மின்சாரம் 1,700 கிலோவாட். காற்றாலை 530 கிலோவாட். பாட்டரி 2,400 யூனிட். எல்லாம் தவறினால் ஓட்டுவதற்கு 2,500 கிலோவாட் டீசல். வெயில் இல்லாதபோது காற்று, காற்று இல்லாதபோது பாட்டரி, அதுவும் தீர்ந்தால் டீசல்.

ரமண நகர் மாடிக்கு என்ன கணக்கு?

1 கிலோவாட் தகடு வைக்க சுமார் 100 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். நல்ல வெயில் நாளில் ஏறக்குறைய 4 யூனிட் கிடைக்கும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதம மந்திரியின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2-க்கு 60,000, 3-ம் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். ஒரு கோடி வீடுகளுக்கு என்று அறிவித்த திட்டம் அது. போகும் மின்சாரத்தையும் வரும் மின்சாரத்தையும் கணக்கெடுக்கும் மீட்டரை மின் வாரியத்தார் பொருத்துவார்கள்.

பணம் கட்டுவதற்கு முன் கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேட்டு விடலாம். கரண்ட் போனால் இது ஓடுமா? எங்கள் தெரு டிரான்ஸ்பார்மரில் இதற்கு இடம் இருக்கிறதா?

மூன்றாவது கேள்வி ரமண நகருக்கு மட்டும். குரங்கு ஏறிக் குதித்தால் தகடு தாங்குமா?