மின்கிதாரின் ஒலி ஏன் மங்குகிறது?

மின்கிதாரின் ஒலியைச் சிதைத்தும் எதிரொலிக்கச் செய்தும் மாற்றும் பல வசதிகளை ஒரே பெட்டியில் அடக்கிய மல்ட்டி எஃபெக்ட்ஸ் கருவி, எவ்வளவு சிறந்ததாயினும், பொருந்தாத ஆம்ப்ளிஃபயரோடு இணைந்தால் மங்கியே ஒலிக்கிறது. கிதாருக்கென அமைந்த ஆம்ப்ளிஃபயரின் 12 அங்குல ஒலிபெருக்கி, ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வுகளைப் பெரிதும் வெட்டிவிடுவதால், டிஸ்டார்ஷன் எனப்படும் சிதைவொலியின் கூர்மையான இரைச்சல் அடங்கிவிடுகிறது. இவ்வியல்பைக் கணக்கீட்டின் வழியே போலச்செய்யும் 'கேபினட் சிமுலேஷன்' என்னும் பகுதி கருவிக்குள்ளும் இருப்பதால், இரண்டும் சேரும்போது ஒலி இருமுறை வடிகட்டப்பட்டு, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் அமுங்குகிறது. விலையுயர்ந்த கருவியை வாங்கியும் மனம் சலிப்போர் பலரின் குறைக்கு மூலம் இதுவே.

ஆகவே கிதார் ஆம்ப்ளிஃபயரோடு வாசிக்கையில் கேபினட் சிமுலேஷன் பகுதியை அணைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் எஃபெக்ட்ஸ் லூப்பின் 'ரிட்டர்ன்' துளையில், அதாவது முன்பெருக்கியைத் தவிர்த்து ஆற்றல்பெருக்கிக்கு நேரே செல்லும் வாயிலில், கருவியை இணைப்பது நலம். தேவாலயத்திலோ திருவிழா மேடையிலோ, உயர் அதிர்வுகளையும் வெட்டாமல் ஒலிக்கும் பொது ஒலிபெருக்கியோடு இணைத்தால், அதே பகுதி இயங்கியே ஆகவேண்டும். சுகுமார் பிரசாத், ஆர். பிரசன்னா ஆகியோர் மின்கிதாரில் வாசித்துக் காட்டிய கருநாடக இசைக்கோ, கமகத்தின் நுண்ணசைவே உயிர் என்பதால், ஒலியைச் சிதைக்காத தெளிவான ஆம்ப்ளிஃபயரே ஏற்றது.