ஒரு கோடி ரூபாய் டிராவல் கவர் ஃப்ரீ: அதில் அப்பா அம்மாவுக்கு எவ்வளவு?

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சித்தப்பா பையன் போன் பண்ணினான். 28 வயசு, ஐடி வேலை, வேளச்சேரியில் இருக்கான். அவன் அக்காவுக்கு நியூஜெர்சியில் பிரசவம். உதவிக்குச் சித்தப்பாவும் சித்தியும் ஐந்து மாசம் போகப் போறாங்க.

"டிக்கெட் போட்டுட்டேண்ணா. இன்ஷூரன்ஸ் மட்டும் தனியா எடுக்கலை. என் சம்பள அக்கவுண்ட்டை பிரீமியமா மாத்திக் கொடுத்தாங்கல்ல, அதுல ஒரு கோடிக்கு டிராவல் கவர் ஃப்ரீயாவே இருக்கு."

"யாருக்குடா ஒரு கோடி?"

"புரியலைண்ணா."

"உனக்கா, சித்தப்பாவுக்கா? விமான விபத்துக்கா, பிபி ஏறினா ஆஸ்பத்திரி செலவுக்கா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

சித்தப்பாவுக்கு 67 வயசு. 12 வருஷமா சுகர், பிபிக்கு தினமும் மாத்திரை. சித்திக்கு 61. "அந்த ஸ்கீமோட பிடிஎஃப் அனுப்பு"ன்னு கேட்டு வாங்கி ராத்திரி படிச்சேன். அதில் பார்த்ததும், அதுக்கப்புறம் மற்ற கார்டுகள், அக்கவுண்ட்களின் விதிமுறைகளைப் படிச்சதில் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை. பெற்றோரை வெளிநாடு அனுப்பப் போறீங்கன்னா டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி படிங்க.

1. பெரிய தொகை எதுக்கு?

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் தொகை பெரும்பாலும் விமான விபத்தில் இறந்தால் கிடைப்பது. அதுவும் பல திட்டங்களில் அந்தக் கார்டில் டிக்கெட் வாங்கியிருந்தால்தான். வெளிநாட்டில் ஆஸ்பத்திரி செலவு என்பது தனி வரி. சில திட்டங்களில் அதற்குச் சின்னத் தொகைதான், சிலதில் அந்த வரியே கிடையாது.

விபத்து கவரும் மருத்துவ கவரும் வேறு வேறு. வருஷம் 20 ரூபாய் பிடிக்கிறாங்களே, பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா, அது 18 முதல் 70 வயது வரை 2 லட்ச ரூபாய் விபத்து காப்பீடு. நல்ல திட்டம்தான். ஆனா மாரடைப்பு, பக்கவாதம், நிமோனியா எதுவும் இன்ஷூரன்ஸ் கணக்கில் 'விபத்து' இல்லை. 67 வயசுக்காரருக்கு வெளிநாட்டில் நமக்கு இருக்கிற பயம் விமானம் விழுவது இல்லை, ராத்திரி நெஞ்சு வலிப்பதுதான்.

2. யார் பேரில் இருக்கு?

வங்கி தருவது குரூப் பாலிசி. பாலிசிதாரர் வங்கி, அதில் பயன் பெறுபவர் அக்கவுண்ட் வைத்திருக்கும் நீங்கள். குடும்பத்துக்கும் உண்டு என்று போட்டிருந்தாலும், 'குடும்பம்' என்பது பல இடங்களில் கணவன், மனைவி, பிள்ளைகளோடு முடிந்துவிடும். பெற்றோர் அதில் வருவது அபூர்வம்.

"அப்பா பேரிலேயே பிரீமியம் அக்கவுண்ட் திறந்தா?" என்று கேட்கலாம். அப்ப வயது வரம்பைப் பாருங்க. 65, 70 என்று எங்காவது ஒரு கோடு போட்டிருப்பாங்க. பயணத்தின் நடுவில் பிறந்தநாள் வந்து அந்தக் கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதையும் கேளுங்க.

3. சுகர், பிபி பற்றி யாராவது கேட்டாங்களா?

எனக்கு இதுதான் முக்கியமான விஷயம். தனியா பாலிசி எடுத்தால் விண்ணப்பத்தில் உடல்நிலை பற்றிக் கேட்பாங்க. அக்கவுண்ட்டோடு வரும் கவரில் யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க. "கேள்வியே இல்லாம கவர்" என்று சந்தோஷப்படாதீங்க. அந்தக் கேள்வி க்ளெய்ம் நேரத்தில் வரும். 'ஏற்கெனவே உள்ள நோய்க்கு கவர் கிடையாது' என்ற ஒரு வரி பிடிஎஃப்பில் இருந்தால், சுகர், பிபி உள்ளவருக்குப் பாதி வியாதி வெளியே போயிடும்.

தனி பாலிசியிலும் இது எளிதில்லை. பல திட்டங்களில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு, உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் மட்டும்தான் பணம். 60 வயதுக்கு மேல் ரூம் வாடகை, ஐசியு, சர்ஜன் ஃபீஸ் என்று ஒவ்வொன்றுக்கும் உள்வரம்பு இருக்கலாம். ஆனா அங்கே அது எழுத்தில் தெரியும், ரெண்டு திட்டத்தை ஒப்பிட்டு வாங்கலாம். சுகர், பிபி இருப்பதை மறைக்காமல் எழுதுங்க. பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

4. எத்தனை நாள்?

அக்கவுண்ட், கார்டு கவர்களில் ஒரு பயணத்துக்கு இத்தனை நாள் என்ற வரம்பு சகஜம். ஆபீஸ் வேலையா ஒரு வாரம் சிங்கப்பூர் போகும் உங்களுக்கு அது போதும். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோர் மாசக்கணக்கில் இருப்பாங்க. தம்பி அனுப்பிய பிடிஎஃப்பில் 30 நாள். சித்தப்பா பயணம் 150 நாள்!

5. பில்லை யார் கட்டுவாங்க?

அமெரிக்காவில் எமர்ஜென்சி வார்டு உள்ள ஆஸ்பத்திரிகள், பணம் இருக்கா இல்லையா என்று பார்க்காமல் அவசர நிலையைச் சரிசெய்யணும். 1986-லிருந்து அங்கே அது சட்டம். ஆனா சிகிச்சை இலவசம் இல்லை, பில் பின்னாடி வரும். பிரிட்டனில் எமர்ஜென்சி வார்டில் பார்ப்பது இலவசம். அட்மிட் ஆனால் வெளிநாட்டுப் பயணிக்கு அரசு மருத்துவமனையின் அடிப்படைக் கட்டணத்தில் 150 சதவீதம் வரை போடுவாங்க.

அதனால், இன்ஷூரன்ஸ் நிறுவனம் நேரடியாக ஆஸ்பத்திரிக்குக் கட்டுமா, இல்லை நீங்க கட்டிவிட்டு பில் அனுப்பணுமா என்று கேளுங்க. அந்த நாட்டிலிருந்து கூப்பிட 24 மணி நேர உதவி எண் இருக்கா என்றும் பாருங்க.

6. விசாவுக்குச் செல்லுமா?

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவ கவர், தங்கும் முழு நாளுக்கும், அந்த 29 நாடுகளிலும் செல்லுபடியாகணும். பயணி பேர் போட்ட சான்றிதழ் வேணும். வங்கி வெப்சைட் பக்கத்தை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் வேலைக்கு ஆகாது.

'ஃப்ரீ' என்பதன் விலை

ஒரு சின்னக் கணக்கு. பிரீமியம் அக்கவுண்ட்டுக்கு 2 லட்சம் சராசரி இருப்பு வேணும் என்று வைத்துக்கொள்வோம். சேமிப்புக் கணக்கு வட்டி 2.5 சதவீதம், எஃப்டியில் 6.5 என்றால் வித்தியாசம் 4 சதவீதம். வருஷத்துக்கு 8,000 ரூபாய், வரிக்கு முன்னாடி. லவுஞ்ச், லாக்கர் தள்ளுபடிக்காக வைத்திருந்தால் அது உங்க விருப்பம். டிராவல் கவருக்காகவே இருப்பை ஏற்றினால், அந்த 8,000-ஐ அப்பா அம்மாவின் தனி பாலிசி பிரீமியத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்க.

அப்போ எதை எடுக்கிறது?

- அக்கவுண்ட், கார்டு கவர்: உங்களுக்கு, குறுகிய பயணத்துக்கு. பெட்டி தாமதம், பாஸ்போர்ட் தொலைவது, விபத்து இதுக்கெல்லாம் நல்லது. வேறு பாலிசி இருந்தாலும் விபத்து மரணத் தொகை ரெண்டிலிருந்தும் கிடைக்கலாம். ஆஸ்பத்திரி பில்லை ரெண்டு இடத்தில் வாங்க முடியாது.
- இந்திய நிறுவனத்தின் சீனியர் டிராவல் பாலிசி: 60 தாண்டிய பெற்றோருக்கு முதலில் பார்க்க வேண்டியது. உள்வரம்பு, ஏற்கெனவே உள்ள நோய் ரெண்டையும் படிச்சுட்டு வாங்குங்க.
- அமெரிக்க விசிட்டர் இன்ஷூரன்ஸ்: அங்கே மாசக்கணக்கில் தங்குபவர்களுக்கு. ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று கட்டும் மலிவு ரகம் ஒன்று, பில்லில் பெரும்பகுதியைக் கட்டும் விரிவான ரகம் ஒன்று. வயசானவருக்கு ரெண்டாவதுதான்.

வங்கிக்கு இப்படி ஒரு மெயில் போடுங்க: "என் அக்கவுண்ட்டோடு வரும் பயணக் காப்பீட்டின் நிறுவனம், மாஸ்டர் பாலிசி எண், முழு விதிமுறை, என் பேரில் சான்றிதழ் ஆகியவற்றை அனுப்பவும். என் பெற்றோர் இதில் அடங்குவார்களா, வயது வரம்பு என்ன, ஏற்கெனவே உள்ள நோய்க்கு கவர் உண்டா என்று எழுத்தில் தெரிவிக்கவும்." ரிலேஷன்ஷிப் மேனேஜர் போனில் "எல்லாம் கவர் ஆகும் சார்" என்று சொன்னது க்ளெய்ம் நேரத்தில் உதவாது. மெயில் உதவும்.

க்ளெய்மை மறுத்துட்டா முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்க. ஒரு மாசத்தில் சரியான பதில் இல்லைன்னா இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம், அதுக்கும் ஒரு வருஷக் கெடு உண்டு. 50 லட்சம் ரூபாய் வரை விசாரிப்பாங்க. ஃபீஸ் இல்லை, வக்கீல் வேண்டாம். குரூப் பாலிசிக்கும் பொருந்தும். தமிழ்நாட்டுக்கு சென்னையிலேயே அலுவலகம் இருக்கு.

தம்பி கடைசியில் ரெண்டு பேருக்கும் விரிவான ரக விசிட்டர் பாலிசி எடுத்தான். "இவ்வளவு காசா?" என்று சித்தப்பா நாலு நாள் முணுமுணுத்தார். போய் 52-ஆவது நாள், ராத்திரி சாப்பிட்டுட்டு எழுந்தவருக்குத் தலை சுத்தி, ஒரு கை மரத்துப் போச்சு. எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போனாங்க. போகும் வழியிலேயே அக்கா உதவி எண்ணுக்கு போன் போட்டுப் பதிவு பண்ணிட்டாள். ஸ்கேன் எடுத்து, ஒரு நாள் வச்சிருந்து, பக்கவாதம் இல்லைன்னு அனுப்பினாங்க. நம் பங்கு 100 டாலர், மீதியை பாலிசி பார்த்துக்கொண்டது.

அந்த 'ஒரு கோடி' கவரில் அவர் பேர் இல்லை, சுகருக்கு இடம் இல்லை, பேர் இருந்திருந்தாலும் 30-ஆவது நாளே முடிஞ்சிருக்கும்.

இன்னிக்கு ராத்திரி உங்க அக்கவுண்ட் பிடிஎஃப்பை எடுத்து, மேலே உள்ள ஆறு கேள்விக்கும் பதில் எழுதிப் பாருங்க. அரை மணி நேர வேலை. இதில் எந்த வங்கியும் இன்ஷூரன்ஸ் நிறுவனமும் எனக்குக் காசு தரலை. பிடிஎஃப்பை எப்படிப் படிக்கிறதுன்னு சேனலில் வரி வரியா காட்டியிருக்கேன். அப்பா அம்மாவையும் பக்கத்தில் உட்கார வச்சுப் பாருங்க. உதவி எண்ணை அவங்க போனிலும் சேமிச்சுக் கொடுங்க.