பேச இயலாதவருக்காகப் பேசுவோர்

விபத்தில் தலையில் அடிபட்ட ஒருவர் உயிருடன் வீடு திரும்பி விட்டால், "அல்ஹம்துலில்லாஹ்! பெரிய முஸீபத்து நீங்கிற்று" என்று ஆறுதல் கூறி உறவினர் கலைந்து விடுகின்றனர். அக்குடும்பத்தின் சோதனையோ பல நேரங்களில் அன்றுதான் தொடங்குகிறது.

மூளைக் காயம், கை கால் முறிவைப் போன்றதன்று. சிலர் மாதக்கணக்கில் நினைவின்றிக் கிடக்கின்றனர். வேறு சிலர் நடக்கின்றனர். ஸலாம் உரைத்தால் பதில் கூறுகின்றனர். பார்வைக்கு யாதொரு குறையுமில்லை. ஆனால் காலையில் கொடுத்த பணத்தை மாலையில் மறக்கின்றனர். சாந்தமே உருவாய் இருந்தவர் சிறு சொல்லுக்கும் பாத்திரத்தை வீசுகின்றார். யார் எதை நீட்டினாலும் கையெழுத்திடுகின்றார். வங்கிக் கணக்கும், கடையும், மனையும் அவர் பெயரில்தான் உள்ளன. மருந்துச் செலவுக்கென வங்கிக்குச் செல்லும் மனைவியிடம், "கணக்குதாரரின் கையெழுத்து வேண்டும்" என்று கூறி விடுகின்றனர். கணவரின் பணத்தைத் தன் விருப்பப்படி எடுக்கும் உரிமை, மனைவி என்பதனால் மட்டும் சட்டப்படி அவருக்கு வந்து விடுவதில்லை.

இத்தகைய வேளையில் மருத்துவருக்கு அடுத்தபடியாக அக்குடும்பம் நாட வேண்டியவர் வழக்கறிஞர். ஆனால் நம் வீடுகளில் தயக்கம் மிகுதி. நீதிமன்றப் படியேறுவது கௌரவக் குறைவு என்பர். எல்லாம் தக்தீர், அதற்கு விலை கேட்பதா என்பர்.

வாசகர்களே, நம் ஃபிக்ஹு நூல்கள் இவ்வாறு கூறவில்லை. தலைக்காயங்களை வகை வகையாகப் பிரித்துப் பெயரிட்டு, ஒவ்வொன்றிற்கும் ஈடு இன்னதென அவை வரையறுத்துள்ளன. மூளையை மூடியுள்ள சவ்வு வரை சென்ற காயத்திற்கு 'மஃமூமா' என்று பெயர். அதற்கு முழுத் தியத்தில் மூன்றிலொரு பங்கு. அடியினால் அறிவே நீங்கி விட்டாலோ முழுத் தியத். ஓர் உயிருக்குரிய ஈட்டை அறிவுக்கும் வைத்துள்ளனர் நம் இமாம்கள். இந்நாட்டின் விபத்துத் தீர்ப்பாயம் ஷரீஅத் நீதிமன்றமன்றுதான். எனினும் காயத்திற்கு ஈடு கேட்பது தவக்குலுக்கு முரண் என்போர் இதனைச் சிந்திக்கட்டும். ஈட்டுத்தொகையோடு வரும் வட்டியைக் குறித்து ஐயம் எழின் ஆலிமிடம் கேட்டுத் தெளியலாம். அதற்காக வழக்கையே கைவிடுவானேன்?

மற்றொன்றையும் கருதுக. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கடன் பத்திரம் எழுதுவது பற்றியது. கடன் பெற்றவர் தாமே வாசகத்தைச் சொல்ல இயலாதவராயின், அவருடைய வலீ நீதியுடன் சொல்ல வேண்டும் என அது பணிக்கிறது. இயலாதவருக்காக ஒருவர் நின்று பேசுவது அவர் உரிமையைப் பறிப்பதன்று, காப்பதாகும்.

அந்த வலீயை இன்று சட்டத்தின் முன் நிலைநிறுத்துவது எங்ஙனம்? நினைவிழந்து கிடப்பவருக்குப் பாதுகாவலர் நியமிப்பதற்கென இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. எனவே உயர் நீதிமன்றங்கள் தம் சிறப்பு அதிகாரத்தைக் கொண்டு நியமிக்கின்றன. கேரள உயர் நீதிமன்றம் 2019இல் இதற்கு வழிமுறைகளை வகுத்தது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்திற்கு ஒரு பெண்மணி வந்தார். கணவர் கோமாவில், சிகிச்சைக்கும் குடும்பச் செலவுக்கும் அவர் பெயரிலுள்ள சொத்தை விற்றாக வேண்டும். தனி நீதிபதி, உரிமையியல் நீதிமன்றத்திற்குப் போகுமாறு கூறி விட்டார். மேல்முறையீட்டில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் பி.பி. பாலாஜியும் அவரையே பாதுகாவலராக நியமித்து, விற்கவும் அனுமதித்தனர். கிடைக்கும் தொகையில் 50 இலட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் வைப்பு நிதியாக இட வேண்டுமென்ற நிபந்தனையும் விதித்தனர். இந்த நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வலீயின் கையில் பொருள் வரலாம். ஆனால் அது அமானிதம்.

இழப்பீட்டு வழக்கு வேறு. மோட்டார் வாகன விபத்தாயின், அடிபட்டவர் சார்பில் மனைவியோ பெற்றோரோ தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். விபத்து நடந்த ஊரில்தான் செய்ய வேண்டுமென்பதில்லை. குடியிருக்கும் ஊரிலும் செய்யலாம். 2022 ஏப்ரல் முதல், விபத்து நடந்த ஆறு மாதத்திற்குள் மனுச் செய்ய வேண்டுமென்ற விதி நடைமுறைக்கு வந்தது. அவ்விதியை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றுள்ளன. எனினும் அதனை நம்பிக் காலம் தாழ்த்த வேண்டாம். "உடம்பு தேறட்டும், பிறகு பார்க்கலாம்" என்று இத்தா முடியக் காத்திருப்பது போல் காத்திருப்போர் நம்மில் பலர்.

நல்ல வழக்கறிஞரால் விளையும் வேறுபாட்டிற்கு ஹரியானா மாநிலச் சிறுமி ஒருத்தியின் வழக்கைக் கூறலாம். 2007இல், 12 வயதில், டிராக்டரில் சென்றவளை லாரி மோதியது. மூளைக் காயத்தினால் அவள் மனவளர்ச்சி ஒன்பது மாதக் குழந்தையின் நிலைக்குப் போய் விட்டது. தீர்ப்பாயம் அளித்தது சுமார் 11 இலட்சம். உயர் நீதிமன்றம் அதனை 25 இலட்சத்திற்கு மேல் உயர்த்தியது. 2020இல் உச்ச நீதிமன்றம் 62,27,000 ரூபாய் ஆக்கியது. அதில் 21,60,000 ரூபாய், இரு பணியாளர்கள் உடனிருந்து பார்ப்பதற்குரிய செலவு. மாதம் ஒருவருக்கு 5,000 என்பது கணக்கு. நம் வீடுகளில் இப்பணியை உம்மாவோ மனைவியோ கூலியின்றிச் செய்கின்றனர். ஆதலால் மனுவில் அதனை எழுதவே மறந்து விடுகின்றனர். வழக்கறிஞர் எழுதச் செய்ய வேண்டும்.

கட்டணம் குறித்தும் விழிப்பு வேண்டும். மருத்துவமனை வாசலிலேயே வக்காலத்துத் தாளில் கையெழுத்து வாங்க அலையும் தரகர்கள் உண்டு. வரும் தொகையில் இத்தனை பங்கு என்று பேசுவர். வழக்கில் கிடைக்கும் பணத்தில் பங்கு பேசுவதை இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள் தடை செய்கின்றன. வசதியற்றோர் மட்டுமல்லர், பெண்களும் மாற்றுத்திறனாளிகளும் எவ்வருமானத்தினராயினும் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச சட்ட உதவி பெறத் தகுதியுடையோர். நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் அலுவலகத்தை அணுகலாம். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம்.

பேசக் கூச்சப்படும் ஒரு செய்தியும் உண்டு. மூளைக் காயமுற்றவர் வெறி கொண்ட வேளையில் தலாக் என்ற சொல்லை உச்சரித்து விடுகின்றார். அறிவு நீங்கிய நிலையில் கூறிய தலாக் நிகழாது என்பதில் மத்ஹபுகளுக்கிடையே வேற்றுமையில்லை. அவர் அந்நிலையில் இருந்தாரா என்பதே கேள்வி. ஜமாஅத்தில் அமர்ந்து ஊகத்தினால் முடிவு செய்யாமல், நரம்பியல் மருத்துவரின் அறிக்கையை ஆலிம்களின் முன் வைக்க வேண்டும். அந்த அறிக்கையைப் பெற்றுத் தருவதும் வழக்கறிஞர் செய்யக் கூடிய உதவியே.

முதன்முறை அவரிடம் செல்லும்போது முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனையில் சேர்த்த அன்றைய பதிவு, வீடு திரும்பியபோது தந்த சுருக்கக் குறிப்பு, ஸ்கேன் படங்கள், மருந்துக் கடைச் சீட்டுகள் ஆகியவற்றை எடுத்துச் செல்க. சகோதரிகளே, ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் இரண்டு வரி எழுதி வையுங்கள்: எதை மறந்தார், எப்போது வீட்டுக்கு வழி தவறினார், இரவில் எத்தனை முறை எழுந்தார் என்று. கடை வைத்திருந்தவராயின், விபத்துக்கு முன் தம் கையால் எழுதிய கணக்கேட்டையும், இப்போது எழுதியதையும் சேர்த்தே கொண்டு செல்லுங்கள்.