மாட்டுக்கு சட்டம் இருக்கு... குதிரைக்கு? ரோட்டில் ஓடும் குதிரை வண்டி பந்தயத்துக்கு யார் பொறுப்பு?

ரிஷிவந்தியம்:
நம்ம ஏரியாவில் குதிரைக்குப் பஞ்சமே இல்லை. ஆனா எல்லாம் அய்யனார் கோயில் வாசலில் நிற்கிற மண் குதிரை! நிஜக் குதிரை பாய்ந்து ஓடுவதைப் பார்க்கணும்னா திருவிழா சமயத்தில் சேலம், ஈரோடு, கரூர் பக்கமோ, இல்லை தெற்கே தூத்துக்குடி பக்கமோ போகணும். அங்கே குதிரை வண்டி பந்தயத்துக்குக் கூடுகிற கூட்டம் சாதாரணக் கூட்டம் இல்லை.

பந்தயம் எப்படி? கோயில் கமிட்டியோ, ஊர் இளைஞர்களோ சேர்ந்து நோட்டீஸ் அடிப்பார்கள். பெரிய குதிரை, சின்ன குதிரை, புதுக்குதிரை என்று பிரிவு வைப்பார்கள். எல்லைக்கல் வரை போய்த் திரும்பி வரணும். அதனால்தான் "எல்கை பந்தயம்" என்று பெயர். முதலில் வந்தவருக்கு ரொக்கம், கேடயம். ஓட்டுகிறவர் சம்பளம் வாங்கும் ஜாக்கி கிடையாது. பகலில் கூலி வேலையோ, வியாபாரமோ பார்த்துவிட்டு, மிச்ச நேரத்தில் குதிரைக்குக் கொள்ளும் புல்லும் வைத்துப் பழக்குகிறவர். கடன் வாங்கிக் குதிரை வளர்க்கிறவர்களும் உண்டு. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழா குதிரைச் சந்தையில் இவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம்.

எல்லாம் சரி. பந்தயத்தில் குதிரை தார் ரோட்டில் சறுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டால்? வண்டி கூட்டத்துக்குள் புகுந்தால்? கூடவே ஹாரன் அடித்து விரட்டி வரும் பைக் மோதினால்? யாரைக் கேட்பது? கமிட்டிக்காரர் போலீசைக் கை காட்டுவார். போலீசார் "நாங்க பாதுகாப்புக்குத்தான் வந்தோம்" என்பார்கள்.

கிண்டியில் நடந்தது வேறு கதை

குதிரைப் பந்தயம் என்றாலே நமக்கு கிண்டிதான் ஞாபகம் வரும். 1974-ல் கருணாநிதி முதல்-அமைச்சராக இருந்தபோது ரேசை ஒழிக்க சட்டம் வந்தது. 1986-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் ரேஸ் கிளப்பை அரசே எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் வந்தது. இரண்டையும் எதிர்த்து கிளப் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1996 ஜனவரியில் தீர்ப்பு. குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்ட ஆட்டம் இல்லை, திறமை ஆட்டம் என்று கோர்ட்டு சொல்லிவிட்டது.

2024-ல் கதை மாறியது. குத்தகை பாக்கி என்று சொல்லி ஜூனில் ஊட்டி ரேஸ் மைதானத்தையும், செப்டம்பரில் கிண்டியையும் அரசு சீல் வைத்தது. கிண்டிக்கு மட்டும் பாக்கி 730 கோடி ரூபாய் என்றது அரசு. அந்த விவகாரமும் கோர்ட்டுக்குப் போனது.

பணக்காரர் ஆட்டம் என்று கிண்டியைத் திட்டலாம். ஆனா அங்கே நடுவர்கள் இருந்தார்கள், கால்நடை டாக்டர் இருந்தார், தப்பு செய்த ஜாக்கியைத் தடை செய்ய ஆள் இருந்தது. பந்தயம் கட்டுவதற்கும் வேலி போட்ட இடம், சட்டத்தில் விலக்கு. அதே நூறு ரூபாயை ஊர் ரோட்டோரம் நின்று ஒரு குதிரை மேல் கட்டினால் 1930-ம் ஆண்டு சூதாட்டச் சட்டப்படி கேஸ்!

ரேக்ளா கேட்கப் போய்...

மாட்டுக்கு சட்டம் வந்த கதை சுவாரசியமானது. ராமநாதபுரம் மாவட்டத்தில் ரேக்ளா நடத்த அனுமதி கேட்டு ஒருவர் மதுரை ஐகோர்ட்டு கிளைக்குப் போனார். 2006 மார்ச்சில் ரேக்ளாவோடு ஜல்லிக்கட்டுக்கும் சேர்த்தே தடை விழுந்தது! அடுத்த ஆண்டு அது நீங்கியது. 2009-ல் மாநில சட்டம், 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு தடை, 2017-ல் மெரினா போராட்டம், புதுச் சட்டம். 2023 மே 18-ந்தேதி அந்தச் சட்டம் செல்லும் என்று அரசியல் சாசன பெஞ்ச் சொன்னது.

இப்போ ஜல்லிக்கட்டு என்றால் கலெக்டர் அனுமதி, தடுப்புக் கட்டை, மாட்டுக்கு டாக்டர் பரிசோதனை எல்லாம் கட்டாயம். ஆனா அந்தச் சட்டம் பேசுவது காளையைப் பற்றி மட்டும்தான். காளையின் உடல்வாகு குதிரை மாதிரி ஓட்டத்துக்கு ஏற்றதில்லை என்று 2014 தீர்ப்பு சொன்னதால், குதிரைக்கு எதுவும் தேவையில்லை என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள் போல!

டிக்கெட் இருந்தால்தான் காட்சியா?

1960-ம் ஆண்டு மிருகவதை தடுப்புச் சட்டப்படி, விலங்கை வைத்து பொதுமக்களுக்கு நிகழ்ச்சி நடத்தினால் விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யணும். பிறகு வந்த விதிகளில் குதிரை நிகழ்ச்சியும் சேர்க்கப்பட்டது. ஆனா மூலச் சட்டத்தில் "காட்சி" என்றால் டிக்கெட் விற்று ஆளை விடுவது என்றுதான் அர்த்தம். ஊர்ப் பந்தயத்தில் டிக்கெட் ஏது? இந்த ஓட்டை வழியாகத்தான் வண்டி ஓடுகிறது. முறையாகப் பதியலாம் என்று நினைத்தாலும், ஒருகாலத்தில் சென்னையில் இருந்த வாரியத் தலைமை அலுவலகம் இப்போ அரியானாவில்!

குதிரையைக் கொடுமைப்படுத்தினால் அபராதம் எவ்வளவு தெரியுமா? முதல் தடவை 10 ரூபாயில் இருந்து 50 ரூபாய் வரை. டீயும் வடையும் சாப்பிடுகிற காசு.

இருக்கிற விதியே பலருக்குத் தெரியாது. வண்டி இழுக்கும் விலங்குகளுக்கான 1965 விதிப்படி, வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 மணி வரை குதிரையை வண்டியில் பூட்டக் கூடாது. முள் வைத்த கடிவாளம், ஆணி வைத்த குச்சி கூடவே கூடாது. சித்திரை, வைகாசியில் நம்ம கள்ளக்குறிச்சி பக்கம் 37 டிகிரி எல்லாம் காலை வெயில் மாதிரி!

இன்னொரு ஆபத்து, கிளாண்டர்ஸ் நோய். குதிரைக்குக் குதிரை பரவும், மனுஷனுக்கும் தொற்றும், உயிருக்கே உலை வைக்கும். பல மாவட்டக் குதிரைகள் ஒரே தொட்டியில் தண்ணி குடிக்கிற இடத்தில் ரத்தப் பரிசோதனை சீட்டை யார் கேட்கிறார்கள்?

என்ன செய்யலாம்?

இங்கிலாந்தில் "பாயிண்ட் டு பாயிண்ட்" என்று இதே மாதிரி ஆர்வலர்கள் ஓட்டும் பந்தயம் உண்டு. அதுவும் ஊர்க்காரர்கள் நடத்துவதுதான். ஆனா ஓட்டுகிறவருக்குத் தகுதிச் சான்று வேணும், களத்தில் மனுஷ டாக்டரும் குதிரை டாக்டரும் நிற்கணும்.

நம்ம ஊருக்கும் அது முடியாத காரியம் இல்லை. காளைக்குப் போட்ட விதியில் பாதியைக் குதிரைக்குப் போட்டாலே போதும். முழுத் தடை போட்டால் பந்தயம் நிற்காது, விடியற்காலை இருட்டில் போலீசுக்குத் தெரியாமல் ஓடும். அப்போ டாக்டரும் இருக்க மாட்டார், ஆம்புலன்சும் வராது.

சட்டம் வரும்வரை பந்தயம் நடத்த நினைக்கும் கமிட்டிக்காரர்கள் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். எந்த ரோடு, எத்தனை மணி, எத்தனை வண்டி, குதிரைக்கு டாக்டர் சான்று, பைக் வராமல் தடுக்க என்ன ஏற்பாடு, விபத்து நடந்தால் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்பவர் யார் என்று எல்லாம் அந்த மனுவில் இருக்கணும். குதிரைக்கு அடிபட்டால் கூப்பிட வேண்டிய கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962.