மூலப்படக் கோப்பும் ஆக்கவுரிமையும்

கமராவின் உணரி ஒளியை எண்களாகப் பதிவு செய்கின்றது. அவ்வெண்களைப் பண்படுத்தாது சேமிக்கும் கோப்பினை ‘றோ’ கோப்பு என்பர். முற்காலப் படச்சுருளின் நெகற்றிவ் போன்றது இது. காணத்தக்க படம் இதனின்றே பிறக்கின்றது. இதனை வாசிக்கும் முறை எவருக்கு உரியது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

கமரா நிறுவனங்கள் பலவும் தத்தமக்கெனத் தனி வடிவங்களை வகுத்துள்ளன. அவற்றின் முழு அமைப்பையும் பொதுவில் வெளியிடுவதில்லை. 2005ஆம் ஆண்டில், நிக்கொன் டி2எக்ஸ் கமராவின் கோப்பில் வெண்ணிறச் சமநிலைத் தகவல் மறைமொழியில் எழுதப்பட்டிருந்தமை பெரும் வாதத்தை எழுப்பிற்று. பிற நிறுவனத்தாரின் செய்நிரலைக் கையாண்டோருக்குத் தாம் எடுத்த படத்தின் ஒரு பகுதியே பூட்டப்பட்டதாயிற்று.

இதற்கு மாறாக, அடோபி நிறுவனம் 2004 செப்டெம்பரில் டி.என்.ஜி. என்னும் வடிவத்தை அறிமுகஞ் செய்தது. அதன் விவரக்குறிப்பினை எவரும் படிக்கலாம். அதனைக் கையாளுதற்கு வேண்டிய தன் ஆக்கவுரிமைகளுக்கும் அந்நிறுவனம் கட்டணமற்ற உரிமம் வழங்கியுள்ளது. எனினும், இவ்வடிவம் தொடர்பாகத் தன்மீது ஆக்கவுரிமை வழக்குத் தொடுப்போரிடமிருந்து அவ்வுரிமத்தை மீளப்பெறலாம் என்னும் நிபந்தனையும் உண்டு.

ஆக்கவுரிமையையும் இரகசியத்தையும் ஒன்றெனக் கருதுதல் பொருந்தாது. ஆக்கவுரிமை வேண்டுவோன் தன் கண்டுபிடிப்பை உலகறிய விளக்குதல் வேண்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, அவ்வுரிமை விண்ணப்பித்த நாள்முதல் 20 ஆண்டுகளில் முடிவுறும். பின்னர் அது பொதுவுடைமையாம். இரகசியத்துக்கோ காலவெல்லை இல்லை. வெளியிடப்படாத வடிவங்களை வாசிக்க வேண்டின், ஒருவர் அவற்றின் அமைப்பைத் தாமே ஆராய்ந்து அறிதல் வேண்டும். டேவ் கொஃபின் என்பார் 1997 முதல் உருவாக்கிய ‘டி.சி.றோ’ என்னும் செய்நிரல் அத்தகைய உழைப்பின் பயனேயாம். ஆதலின், படங்களை நெடுங்காலம் பேணுவோருக்கு ஆக்கவுரிமையினும் இரகசியமே பெருந்தடை எனலாம்.

இவ்வேறுபாடு ஓர் ஊரின் நினைவையும் சாரும். 2004 டிசெம்பர் 26 கடற்கோள் சாய்ந்தமருது, மருதமுனை, கல்முனை முதலிய கரையூர்களைத் தாக்கியது. வீடுகளுடன் குடும்பப் படங்களும் ஏடுகளும் அழிந்தன. அத்தகைய ஊர்களில் இன்று எடுக்கப்படும் படங்களைப் பேரப்பிள்ளைகளும் காணவேண்டுமெனின், மூலக் கோப்பினை அழியாது வைத்து, அதனுடன் விவரம் வெளியிடப்பட்ட வடிவில் ஒரு பிரதியையும் வேறோர் இடத்திற் பேணுதல் நன்று. கடலுக்குத் தப்பிய படம் வாசிக்க இயலாக் கோப்பாய்க் கிடத்தல் இரண்டாம் இழப்பாகும்.